மணியின் கழுத்தில் தொங்கும் பை

கேள்வி:

எங்கள் மணிக்கு ஐந்து வயது. நாட்டு நாய்தான். இரண்டு மாதத்துக்கு முன் அவன் தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் தெரிந்தது. இப்போது சாத்துக்குடி அளவுக்குத் தொங்குகிறது. தொட்டால் தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று இருக்கிறது, வலிப்பதாகத் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறான், வழக்கம்போல் குரைக்கிறான். மருந்துக் கடையில் கேட்டு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தோம், பலன் இல்லை. ஊரில் மாடுகளுக்கு ஊசி போடும் ஒருவர் சிரிஞ்சு வைத்து உறிஞ்சி எடுத்தார். தேன் நிறத்தில் கொழகொழவென்று வந்தது. வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் பத்தே நாளில் பழையபடி நிரம்பிவிட்டது. புற்றுநோய் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சூடு வைத்தால் வற்றிவிடும் என்கிறார் என் மாமனார். இது என்ன கட்டி? அறுவைச் சிகிச்சை செய்தால் அதன் பிறகு அவனால் சாப்பிட முடியுமா?

பட்டுக்கோட்டை அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, மாமனாரிடம் பக்குவமாகப் பேசி அந்தச் சூட்டுக்கோல் யோசனையைக் கைவிடச் செய்யுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். மணிக்கு இன்று இரவே ஆபத்து ஒன்றும் இல்லை.

கழுத்து வீக்கத்தைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "நீர் வந்தது" என்பதோடு நின்றுவிடும். நீங்கள் நிறத்தையும் எழுதினீர்கள், கொழகொழப்பையும் எழுதினீர்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிட்டது. தாடைக்கடியில், வலி இல்லாமல், மெதுவாகப் பெருத்து, ஊசி குத்தினால் தேன் நிறத்தில் கொழகொழவென்று வந்து, வடித்தும் திரும்ப நிரம்புகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது உமிழ்நீரைத்தான். சுரப்பியிலோ அதன் குழாயிலோ எங்கோ ஓர் இடத்தில் கசிவு ஏற்பட்டு, வாய்க்குப் போக வேண்டிய எச்சில் தோலுக்கடியில் தேங்கி நிற்கிறது. மருத்துவத்தில் இதை மியூகோசீல் என்பார்கள். பேச்சுக்கு நீர்க்கட்டி என்கிறோமே தவிர, இது உண்மையான நீர்க்கட்டி அல்ல. உண்மையான நீர்க்கட்டிக்கு உள்ளே அதற்கென்று ஒரு தோல் உறை இருக்கும், அதுவே நீரைச் சுரக்கும். இதற்கு அப்படி எதுவும் கிடையாது. வழிதவறிய எச்சிலைச் சுற்றி உடம்பு அவசரத்துக்கு எழுப்பிய மண் கரை போன்றதுதான் இந்தப் பையின் சுவர்.

ஓட்டு வீட்டில் மழைக்காலத்தில் இருந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஓடு உடைந்த இடம் ஒன்று. நீர் சட்டத்தின் வழியே ஓடிவந்து சொட்டும் இடம் வேறு. சொட்டும் இடத்தில் வாளி வைப்பதைத்தான் உங்கள் ஊர்க்காரர் சிரிஞ்சால் செய்திருக்கிறார். வாளி நிறைந்தால் கொட்டலாம், மறுபடி நிறையும். சுரப்பி தன் வேலையை நிறுத்தவில்லையே.

நாய்க்கு முக்கியமான உமிழ்நீர்ச் சுரப்பிகள் நான்கு ஜோடி. காதுக்கடியில் ஒன்று, கண்ணுக்குப் பின்னால் ஒன்று, தாடை மூலைக்குப் பின்னால் ஒன்று, நாக்கின் அடியில் சங்கிலி போல நீண்டு கிடக்கும் ஒன்று. கசிவு பெரும்பாலும் இந்தக் கடைசிச் சுரப்பியில்தான் வருகிறது. ஏன் வருகிறது என்று கேட்டால், பெரும்பாலான நாய்களில் காரணம் பிடிபடுவதில்லை. எலும்பைக் கடிக்கும்போது குத்தியிருக்கலாம், கழுத்துச் சங்கிலி இழுத்திருக்கலாம், சண்டையில் கடிபட்டிருக்கலாம். ஒரு காலத்தில் குழாய் அடைத்துக்கொள்வதால் வருகிறது என்று நினைத்தார்கள். சோதனைக்காகக் குழாயைக் கட்டிப் பார்த்தபோது சுரப்பி சுருங்கிப்போனதே தவிர, இந்த வீக்கம் வரவில்லை. ஆகவே கோளாறு கசிவில்தான். பூடில், ஜெர்மன் ஷெப்பர்டு, டாக்ஸ்ஹண்ட் போன்ற இனங்களில் அதிகம் என்று புத்தகங்கள் சொல்லும். நாட்டு நாய்களுக்கு விதிவிலக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டு "இதுதான்" என்று முத்திரை குத்த எனக்குத் தைரியம் கிடையாது. காரணம் ஒரு பழைய தவறு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டாக்ஸ்ஹண்ட் வந்தது. இதே இடத்தில் வீக்கம். தொட்டால் கொஞ்சம் சூடாகவும் இருந்தது. சீழ்க்கட்டி என்று முடிவு கட்டி, ஊசி வைத்துப் பார்க்காமலேயே கத்தியால் கீறிவிட்டேன். சீழை எதிர்பார்த்து வைத்திருந்த கிண்ணத்தில் கெட்டியான தேன் போல ஒன்று வழிந்தது. அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. கீறிய வாய் ஆறவில்லை. எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது, புண்ணில் கிருமி சேர்ந்தது, கடைசியில் என் ஆசிரியர் ஒருவர்தான் சுரப்பியை எடுத்து அந்த நாயைக் காப்பாற்றினார். எல்லாத் தசையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்ததால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது அன்று மதியம் வரை போனது. மியூகோசீல் ஆரம்பத்தில் சில நாள் அழற்சியோடு இருக்கும், தொட்டால் வலிக்கவும் செய்யும். பிறகுதான் இப்படிச் சாதுவாகத் தொங்கும். இது எனக்குப் பாடமாகத் தெரியும், கையில் தெரியவில்லை. அன்றிலிருந்து, ஊசி போகாத வீக்கத்துக்குள் என் கத்தி போவதில்லை.

மணியை என் மேசையில் ஏற்றினால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். உங்கள் மருத்துவர் செய்யும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் புரியும்.

முதலில் கை. வீக்கத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருப்பதைத் தடவுவேன். தாடை மூலையில் இரு பக்கமும் நிணநீர்க் கணுக்கள் உண்டு. நாம் "நெறி கட்டியிருக்கிறது" என்போமே, அவைதான். அவற்றுக்குச் சற்றுப் பின்னால் உமிழ்நீர்ச் சுரப்பி உருண்டையாகக் கைக்குப் படும். (ஆரோக்கியமான நாயின் அந்தச் சுரப்பியையே கட்டி என்று நினைத்துக் கலங்கி வருபவர்கள் மாதம் ஒருவராவது உண்டு.) கணுக்கள் ரப்பர் பந்து போலக் கெட்டியாக இரு பக்கமும் பெருத்திருந்தால், தோளுக்கு முன்னாலும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் உடனே தடவிப் பார்ப்பேன். அங்கும் பெருத்திருந்தால் பேச்சே வேறு: உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுவது அப்படிப்பட்ட வீக்கத்தை. அது கெட்டியாக இருக்கும், தளதளக்காது.

அடுத்தது வாய். நாக்கைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும். சில நாய்களுக்கு அங்கேயும் தவளை வயிறு போல ஒரு பை புடைத்திருக்கும். இருந்தால் எந்தப் பக்கச் சுரப்பி கசிகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் இதை வீட்டில் நீங்கள் செய்து பார்க்காதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசி தவறாமல் போட்ட நாயா என்று கேட்காமல் நானே வாய்க்குள் கைவிடுவதில்லை. விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நிற்கும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் கையை விட்டவர்கள், பிறகு அது வெறிநோய் என்று தெரிந்து ஊசி போட ஓடியதைப் பார்த்திருக்கிறேன். மணி நன்றாகச் சாப்பிடுகிறான் என்று எழுதியிருப்பதால் அந்தக் கவலை இப்போது இல்லை. தடுப்பூசி அட்டையை மட்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பிறகுதான் ஊசி. இங்கே நோக்கம் வடிப்பது அல்ல, பார்ப்பது. ரோமத்தை மழித்து, கிருமிநாசினியால் இரண்டு முறை துடைத்துவிட்டுக் குத்துவேன். மெல்லிய ஊசியில் இந்தச் சாறு ஏறாது. கொஞ்சம் பருத்த ஊசி வேண்டும். இரண்டு சொட்டு வந்ததும் கையுறை போட்ட கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டை வைத்து மெல்லப் பிரிப்பேன். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் பார்ப்பீர்களே, அதே கைவாகு. எச்சிலாக இருந்தால் இழை அறுபடாமல் நீளும். சீழ் இழுபடாது, திப்பித் திப்பியாக அறுந்துவிடும். வெறும் நிணநீர் தண்ணீர் போல வழிந்துவிடும். பல நாய்களில் என் மனத்துக்குள் தீர்ப்பு அந்த இரண்டு விரலுக்கு நடுவிலேயே எழுதப்பட்டுவிடும்.

எழுதப்பட்டாலும் கையெழுத்துப் போடுவது நுண்ணோக்கிதான். மீதிச் சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கோழைப் பின்னணியில் நுரை நுரையான பெரிய அணுக்கள் தெரியும். வழிதவறிய எச்சிலை விழுங்கித் துப்புரவு செய்ய வந்தவை அவை. கோழை கெட்டியாக இருப்பதால் சிவப்பணுக்கள் நாற்று நட்டதுபோல வரிசை கட்டி நிற்கும். தஞ்சைப் பக்கத்து ஆளுக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் கோழையை எடுப்பாகப் பிடித்துக் காட்டும் பி.ஏ.எஸ். என்ற சாயத்தையும் போட்டுப் பார்ப்பார்கள்.

அதே ஊசியில் வேறு ஏதாவது வந்தால்? சீழ் வந்து, அழுகிய வெள்ளணுக்களும் கிருமிகளும் தெரிந்தால் சீழ்க்கட்டி. பெரும்பாலும் காய்ச்சலும் வலியும் இருக்கும். உள்ளே மீன்முள்ளோ குச்சியோ தையல் ஊசியோ இருக்கிறதா என்று தேட வேண்டும். அதை எடுக்காமல் எத்தனை நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் திரும்ப வரும். எண்ணெய்ப் பசையாக வந்து தகட்டில் காயாமல் நின்றால் கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். ஆனால் தொட்டால் கொழுப்புக் கட்டி போலவே ஏமாற்றும் மாஸ்ட் அணுக் கட்டி என்ற ஒரு புற்று உண்டு. அதனால் எண்ணெய் போல இருக்கிறதே என்று தகட்டைத் துடைத்துப் போடக்கூடாது, சாயம் ஏற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

வெறும் ரத்தமாக வந்தால் நான் உடனே ஊசியை உருவி, இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அடிபட்டு ரத்தம் கட்டியிருக்கலாம். உண்ணிக் காய்ச்சலில் ரத்தத்தட்டுகள் குறைந்து தானாகக் கசிந்திருக்கலாம். ஈறு வெளுத்திருக்கிறதா, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். வயதான நாயாக இருந்து, வீக்கம் கழுத்தின் நடுப்பகுதியில் மூச்சுக்குழாயை ஒட்டிக் கெட்டியாக இருந்தால் தைராய்டு கட்டி. பூனைக்கு வரும் தைராய்டு கட்டி பெரும்பாலும் சாதுவானது. நாய்க்குக் கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்தது பெரும்பாலும் புற்றுதான், அதில் ரத்த ஓட்டமும் மிக அதிகம். சில சமயம் அதற்குள்ளேயும் நீர் தேங்கி மெத்தென்று ஏமாற்றும். ஸ்கேன் பார்க்காமல் அதில் கை வைக்கக்கூடாது.

கருவில் மூடாமல் விட்டுப்போன குழாய்களிலிருந்து வரும் பிறவி நீர்க்கட்டிகளும் கழுத்தில் உண்டு. அவை அபூர்வம். எடுத்த பையின் சுவரைப் பரிசோதனைக்கு அனுப்பினால் உறை இருப்பது தெரிந்துவிடும்.

ஒரு மணி நேரத்தில் திடீரென்று முகமும் கழுத்தும் வீங்கினால் மேற்சொன்ன எதையும் யோசிக்காதீர்கள். வயல்வெளியில் திரியும் நாய்க்கு அது கண்ணாடி விரியன் கடியாக இருக்கலாம், குளவி கொட்டியதாகவும் இருக்கலாம். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். மணியுடையது இரண்டு மாதக் கதை என்பதால் அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் அவன் மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் கேட்க ஆரம்பித்தாலோ, விழுங்கத் திணறினாலோ காத்திருக்காதீர்கள். இதே எச்சில் தொண்டைக்குள் தேங்கினால் மூச்சுப் பாதையை அடைத்துவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எச்சில்தான் என்று உறுதியானால் தீர்வு ஒன்றே: கசியும் பக்கத்துச் சுரப்பியை எடுப்பது. தாடைச் சுரப்பியும் நாவடிச் சுரப்பியும் ஒரே உறைக்குள் ஒட்டியிருப்பதால் இரண்டையும் சேர்த்தே எடுப்பார்கள். தொங்கும் பையை அறுத்தெடுக்க வேண்டியதில்லை. வடித்துவிட்டு, மிச்சம் கசிவது வெளியேற ஒரு ரப்பர் குழாயைச் சில நாள் வைத்திருப்பார்கள். நீர் வரத்து நின்றதும் பை தானே சுருங்கிவிடும். பத்திலிருந்து பதினான்கு நாளில் தையல் பிரிக்கலாம். அவனால் தாராளமாகச் சாப்பிட முடியும், வாய் உலராது. மற்றச் சுரப்பிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றனவே. தேவைப்பட்டு இரு பக்கமும் எடுத்த நாய்கள்கூட எலும்பு கடித்துக்கொண்டு சுகமாக இருக்கின்றன.

இதில் கெட்டுப்போகும் இடம் எது என்றால், பக்கம் தவறுவது. பை பெருக்கப் பெருக்கக் கழுத்தின் நடுவுக்கு வந்து தொங்கும். வலமா இடமா என்று நின்று பார்த்தால் தெரியாது. நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையையும் முதுகையும் நேராகப் பிடித்தால், பை தான் புறப்பட்ட பக்கத்துக்குச் சரியும். எளிய சோதனைதான், மயக்க மருந்து கொடுத்த பிறகுகூடச் செய்யலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வீக்கம் திரும்பினால், பக்கம் தவறியிருக்கும், அல்லது நாவடிச் சங்கிலியில் ஒரு கண்ணி உள்ளே தங்கியிருக்கும். அதனால் மருத்துவரிடம் "எந்தப் பக்கம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடுங்கள். வீண் செலவு இல்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயே காட்டலாம். போவதற்குள் இரண்டு விஷயம். மறுபடி சிரிஞ்சு வைக்க விடாதீர்கள். ஒவ்வொரு குத்தும் கிருமிக்கு ஒரு வாசல், உள்ளே தசை ஒட்டிக்கொள்ளவும் காரணமாகும். இன்னொன்று, வீக்கம் குறைய என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை தந்தால் வாங்காதீர்கள். ஒருவேளை இது நிணநீர்ப் புற்றாக இருந்துவிட்டால் அந்த மாத்திரை அடையாளத்தை அழித்துவிடும், பின்னால் தர வேண்டிய மருந்தும் சரியாகப் பிடிக்காது. நமக்கு வாங்கிவைத்திருக்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் மாத்திரைகளும் வேண்டாம். நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அவை கெடுத்துவிடும்.

போகும் அன்று காலை மணிக்குச் சோறு வைக்காதீர்கள். மயக்கம் கொடுத்து ஏதாவது பார்க்க வேண்டியிருந்தால் அன்றே முடிந்துவிடும், இன்னொரு நாள் அலைய வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். எந்தத் தேதியில் வீக்கத்தைப் பார்த்தீர்கள், என்றைக்கு வடித்தார்கள், கொடுத்த மாத்திரையின் பெயர் என்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலி அட்டை இருந்தால் அதுவே போதும். கழுத்துச் சங்கிலியை இன்றே கழற்றிவிட்டு மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையை வாங்கிப் போடுங்கள். ஊசியில் என்ன வந்தது, இழை நீண்டதா என்று பார்த்து எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.